கேட்பாரற்ற குற்றம்

போர் மூண்ட நாட்டிலே மாண்டோரை எண்ணுவார் உளர். எரியுண்ட வீடுகளை எண்ணுவாரும் உளர். பெண்டிருக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கேட்பார்தாம் அரியர். போரென்றால் அதுவும் நேரும் என்று உலகம் நெடுங்காலம் வாளாவிருந்தது. 1946ஆம் ஆண்டில் நூரம்பேர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் அக்குற்றத்திற்கென ஒருவரேனும் தண்டிக்கப்பட்டாரில்லை.

இந்நிலை மாறத் தொடங்கிய வகையை ருவாண்டா நாட்டு வழக்கொன்று நன்கு காட்டும். 1994ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் யூலை வரை அந்நாட்டிலே துட்சி இனத்தவர் இலட்சக்கணக்கிற் கொல்லப்பட்டனர். அக்காலத்தில் தபா என்னும் பிரிவுக்குத் தலைவனாயிருந்தவன் அக்காயேசு. முன்னர் ஆசிரியனாகவும் பாடசாலைப் பரிசோதகனாகவும் விளங்கியவன். அபயந்தேடிய பெண்கள் அவனது அலுவலகத்தை நாடி வந்தனர். அடைக்கலமென நம்பிய அவ்விடத்திலேயே ஆயுதந்தாங்கியோர் அவர்களை மானபங்கப்படுத்தினர்.

ஐக்கிய நாடுகள் சபை நிறுவிய நீதிமன்றம், தன்சானியாவின் அரூஷா நகரில் 1997ஆம் ஆண்டு இவ்வழக்கை விளங்கத் தொடங்கியது. குற்றப்பத்திரத்திலே கொலை இருந்தது, சித்திரவதை இருந்தது, வன்புணர்ச்சி இல்லை. சாட்சி கூற வந்த தாயொருத்தி, தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததையும் மன்றில் உரைத்தாள். நீதிபதிகள் மூவருள் ஒருவர் மட்டுமே பெண். அவர் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரிற் பிறந்த தமிழ் வழியினரான நவநீதம் பிள்ளை. அத்தாயின் சொல்லை மன்று தள்ளிவிடவில்லை, மேலும் வினாவிற்று. பின்னர் வந்த மற்றொருத்தி தனக்கு நேர்ந்ததையே கூறினாள். அவ்வாண்டு யூன் மாதத்திற் குற்றப்பத்திரம் திருத்தப்பட்டது. பெயர் மறைக்கப்பட்ட பெண்கள் பலர் முன்வந்து சாட்சியம் அளித்தனர்.

1998 செப்டெம்பர் 2ஆம் நாள் வெளிவந்த தீர்ப்பு மூன்று உண்மைகளை நிலைநாட்டியது. ஓரினத்தை அழிக்கும் நோக்கொடு புரியும் வன்புணர்ச்சி இனப்படுகொலையே என்பது ஒன்று. சருவதேச நீதிமன்றமொன்று அவ்வாறு தீர்த்தது அதுவே முதன்முறை. தடுக்கும் அதிகாரம் இருந்தும் தடாது நின்று, சொல்லால் ஊக்கியவனும் குற்றவாளியே என்பது இரண்டாவது. ஆயுதங்களின் நடுவே நிற்கும் பெண்ணுக்கு அச்சூழலே வற்புறுத்தல்; வலிமை கொண்டு அடக்கினர் என வேறாக நிறுவ வேண்டுவதில்லை என்பது மூன்றாவது. அக்காயேசுவுக்கு ஆயுட்காலச் சிறை விதிக்கப்பட்டது. 2001இல் மேன்முறையீட்டிலும் அது நிலைத்தது.

ஒரு தீர்ப்பினாற் கொடுமை ஒழிந்துவிடவில்லை. கொங்கோவிலும் சூடானிலும் அது தொடர்கின்றது. அதே அரூஷா மன்றிலும் பின்வந்த பல வழக்குகளில் இக்குற்றச்சாட்டு நிறுவப்படாமலே போயிற்று. இன்று சட்டம் இல்லையென்று சொல்வதற்கில்லை. காலந் தாழ்த்தாது வினாவும் அதிகாரிகளும், சொல்வதைப் பிழையறப் பதியும் எழுத்தரும், சாட்சிக்குக் காவலும், விசாரணையாளரிடையே பெண்களும் வேண்டும். இவை இல்லாவிடிற் சட்டம் ஏட்டளவினதே.

தபாவின் பெண்கள் பேச அஞ்சினர் என்று சொல்லி உலகம் தப்பிக்கொள்ள இயலாது. கேட்டபோது அவர்கள் பேசினர். கேளாதிருந்தவரையிலேயே குற்றவாளிகள் அச்சமின்றி உலாவினர்.