வகுத்தால் வருவதும் வராததும்

ஓசூர் சிப்காட்டில் பராமரிப்பு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்களின் கையில் டாங் டெஸ்டர் என்றொரு கருவி இருக்கும். ஒயரை அறுக்காமல், அதன் வாயைத் திறந்து கவ்வவிட்டால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டிவிடும். வோல்ட் பார்க்க மல்ட்டிமீட்டர். இந்த இரண்டு எண்களை வைத்து அவர்கள் போடும் மனக்கணக்கைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

கணக்கென்னவோ பத்தாம் வகுப்புக் கணக்குதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, அதாவது ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன், வாட். இதில் முதல் கணக்கை ஜெர்மானியர் ஓம் 1827இல் புத்தகமாகவே வெளியிட்டுவிட்டார். பிளாஸ்டிக் மோல்டிங் மெஷினில் ஒரே லைனில் நான்கு ஹீட்டர் பேண்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 460 வாட் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் ஆளுக்கு 2 ஆம்பியர், மொத்தம் 8. டெஸ்டர் 6 காட்டினால் ஒன்று போய்விட்டது. மெஷினைப் பிரிக்காமலே தெரிந்துவிடும்.

மோட்டாரிடம் இந்த வகுத்தல் பலிக்காது. சுற்றும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக் கரண்டை அடக்கி வைக்கிறது. அதனால்தான் கிளம்பும்போது மட்டும் ஐந்தாறு மடங்கு இழுக்கிறது. தளி, கெலமங்கலம் பக்கம் போர்வெல் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். வோல்டேஜ் இறங்கினால் ஹீட்டர் குறைவாக இழுக்கும். மோட்டாரோ, தூக்க வேண்டிய தண்ணீர் அதே தண்ணீர் என்பதால், கூடுதலாக இழுக்கும். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும்: கரண்ட் 20 சதவீதம் கூடினால் காயிலில் சூடு 44 சதவீதம் கூடும். வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையும் என்று ஒப்பிப்பவர் தேர்வில் தேறிவிடுவார். அவர் மோட்டார் வைண்டிங் கடைக்குப் போய்ச் சேரும். அந்தக் கடைக்காரர் மூன்று ஃபேஸ் காயில்களின் ஓம் அளவைப் பார்க்கும் விதமே வேறு. மூன்றும் ஒன்றுக்கொன்று சமமா என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி.

இந்தக் கலையின் உச்சம் என்று நான் நினைப்பது மின்சார ஸ்கூட்டரில் இருக்கிறது. ஓசூரில் டிவிஎஸ்ஸும் ஏதரும், போச்சம்பள்ளியில் ஓலாவும் அதைச் செய்கின்றன. பேட்டரி 50 வோல்ட்டை ஒட்டியது. 5,000 வாட் வேண்டுமென்றால் 100 ஆம்பியர் ஓடியாக வேண்டும். கேபிள் தடிமனாக இருப்பது அதற்காகத்தான். நம் எல்லைக்கு அப்பால் இதற்கு நேர்மாறான வழியை 1902லேயே பிடித்தார்கள். காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுமார் 150 கிலோமீட்டர் மின்சாரம் கொண்டுபோனபோது, வோல்ட்டைப் பல ஆயிரமாக ஏற்றி ஆம்பியரைச் சுருக்கினார்கள். ஸ்கூட்டரில் அப்படி ஏற்ற இடமில்லை. ஆகவே டெர்மினல் போல்ட் சற்றே தளர்ந்து, ஓமில் ஆயிரத்தில் இரண்டு பங்கு தடை சேர்ந்தாலே 20 வாட் சூடு அந்தச் சின்ன இடத்திலேயே இறங்கும்.

அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்ட்டிமீட்டர் அளக்காது. அதன் ஒயரின் தடையே அதைவிட அதிகம். விவரமானவர்கள் ஓம் பக்கம் திருகுவதே இல்லை. கரண்டை ஓடவிட்டு, அந்த இணைப்பின் இருபுறமும் முனைகளை வைத்து மில்லிவோல்ட் பார்க்கிறார்கள். 100 ஆம்பியர் ஓடும்போது 200 மில்லிவோல்ட் விழுந்தால், வகுத்துக்கொள்ளுங்கள், 2 மில்லிஓம். போல்ட்டை இறுக்கிவிட்டு மறுபடி அளப்பார்கள்.