பழைய பல்லடம் தாலுகாவில் ஒரு பயணம்

கோவையிலிருந்து திருச்சி ரோட்டில் புறப்பட்டு, சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், சூலூர் தாண்டிக் காரணம்பேட்டை வந்துவிட்டால், அதற்குமேல் ரோட்டோரமெல்லாம் தறிக்குடோன்கள்தான். பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் தறிச் சத்தம் காதில் விழும். காடா துணியும் கறிக்கோழியுமாகப் பரபரக்கிற பல்லடம், கோவையிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர்.

விடுதலைப் போராட்டம் என்றதும் இந்தப் பக்கத்துக்காரர்கள் திருப்பூரைத்தான் சொல்வார்கள். ஆனால் அன்றைக்குத் திருப்பூரும் பல்லடம் தாலுகாதான், சூலூரும் பல்லடம் தாலுகாதான். அந்தப் பழைய தாலுகாவைச் சுற்றி வந்தால் திருப்பூர் குமரனோடு இன்னும் பலரும் கண்ணில் படுவார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வழியில் தாண்டி வந்த சூலூரில் ரோட்டிலிருந்து பார்த்தால் விமானப்படைத் தளத்தின் மதில் தெரியும். உள்ளே போக முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த தளம் அது. 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறித் தலைவர்கள் எல்லாரும் சிறைக்குப் போய்விட்டார்கள். கட்டளையிட ஆள் இல்லாத அந்த நாட்களில், ஆகஸ்ட் 26 இரவு, இந்தத் தளத்துக் கொட்டகைகளுக்கும் லாரிகளுக்கும் தீ வைக்கப்பட்டது. செய்தவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், ஆலைத் தொழிலாளிகள். மறுநாளே சுற்றுக் கிராமங்களில் போலீஸ் புகுந்தது. அடி, உதை, சிறை. தீ வைத்தவனுக்கும் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனுக்கும் ஒரே அடிதான். அந்த ஊர்களில் குடும்பம் குடும்பமாகப் பட்ட பாட்டை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் விரிவாக எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

பல்லடத்திலிருந்து வடக்கே அருள்புரம், வீரபாண்டி வழியாகத் திருப்பூர் 15 கிலோமீட்டர். இன்று பனியன் ஊர். அன்று கதர் ஊர். 1925-இல் தொடங்கிய அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்துதான் இயங்கியது. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் இராட்டையில் நூற்ற நூலைச் சிட்டம் சிட்டமாகக் கட்டிக் கதர்க் கடைக்குக் கொண்டுவந்து போடுவார்கள். எடை பார்த்துக் கூலி கொடுப்பார்கள். மழை பொய்த்த வருஷங்களில் அந்தக் கூலிதான் அடுப்பெரிய வைத்தது. காங்கிரஸ் இயக்கம் கொங்குக் கிராமங்களில் வேர் பிடித்தது மேடைப் பேச்சைவிட இந்தச் சிட்டங்களால்தான் என்பது என் எண்ணம்.

அந்தச் சங்கத்தின் தமிழ்நாட்டுச் செயலாளராக இருந்து உழைத்தவர் கோவை அய்யாமுத்து. காங்கேயம் பக்கம் பரஞ்சேர்வழியில் 1898-இல் பிறந்தவர். வைக்கம் போராட்டத்துக்கும் போனார், சிறைக்கும் போனார், நாடகம் எழுதினார், 'கஞ்சன்' என்று திரைப்படமும் எழுதினார். அவர் மனைவி கோவிந்தம்மாளும் போராட்டத்தில் சிறை சென்றவர். இவ்வளவு செய்தவரின் பெயர் இன்று கொங்கு நாட்டிலேயே பலருக்குத் தெரியவில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

இனி குமரன். சென்னிமலையில் 1904 அக்டோபர் 4-ஆம் தேதி நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். பிழைப்புக்குத் திருப்பூர் வந்து, பஞ்சு ஆலை ஒன்றில் கணக்கெழுதினார். 1932 ஜனவரி 4-இல் காந்தியடிகள் கைதானார், காங்கிரஸ் தடை செய்யப்பட்டது. ஆறே நாளில், ஜனவரி 10-ஆம் தேதி, பி. எஸ். சுந்தரம் தலைமையில் சிறு கூட்டம் ஒன்று கொடியோடு திருப்பூர்த் தெருவில் நடந்தது. ராமன் நாயர், அப்புக்குட்டி போன்றவர்கள் அதில் இருந்தார்கள். வந்த தொண்டர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். போலீஸ் தடிகள் தலையைப் பார்த்தே இறங்கின. சுந்தரம் கடுமையாக அடிபட்டு விழுந்தார். குமரனுக்கு மண்டை உடைந்தது. விழுந்த பிறகும் கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள், ஜனவரி 11, ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 27. மனைவி ராமாயியைத் தனியே விட்டுப் போனார்.

திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய நினைவகம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள், குமரனோடு நடந்தவர்களின் பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அன்று அடிபட்டுப் பிழைத்தவர்களின் உடம்பிலும் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். விடுதலை வெள்ளிவிழாவின்போது நாடெங்கும் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் தியாகிகள் பெயர் பொறித்த தூண்கள் நாட்டினார்கள். உங்கள் ஊர் ஒன்றிய அலுவலகத்துக்கு ஏதாவது வேலையாகப் போனால், தூண் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உங்கள் ஊர்க்காரர் பெயர் இருந்தால், அவர் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.