தண்ணீர் எரியாது, வரியைக் குறை!
(சங்கத்தின் வட்டாரக் கூட்டத்தில் செயலாளர் பேசியதன் சுருக்கம்)

 

கரண்டு இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருசக்கணக்கில் காத்திருக்கும் நாம், ஆயில் என்ஜின் வைத்துத்தான் பயிரைக் காப்பாத்துறோம். அந்த வயித்தெரிச்சலில் காசு பார்க்க ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. சமையல் எண்ணெயில் பாதி தண்ணீர், கொஞ்சம் மருந்து, டீசலே வேண்டாம் என்று கேனில் ஊத்தி விக்கிறாங்க. 1996-ல் மூலிகை பெட்ரோல் என்று நாடே பரபரத்ததே, மறந்துட்டோமா?

உண்மை எது, புளுகு எது என்று பிரித்துப் பார்ப்போம்.

எண்ணெயில் என்ஜின் ஓடும். 1900-ல் பாரீஸ் கண்காட்சியிலேயே டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் கர்நாடகக் கிராமங்களில் புங்க எண்ணெயில் ஜெனரேட்டர் ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள்.

ஆனால் பச்சை எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டி. அப்படியே ஊத்தி நாள்கணக்கில் ஓட்டினால் நாசிலில் கரி பிடிக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டும். மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து, கிளிசரினைப் பிரித்து எடுப்பதுதான் பயோடீசல்.

தண்ணீர்? அது எரியாது. பால்போலக் கலக்கும் மருந்து சேர்த்தால் புகை குறையலாம், சூடு தணியலாம். சக்தி தராது. பிரிந்துவிட்டாலோ பம்பு துருப்பிடித்து இறுகிவிடும். கேனில் வருவதைக் கண்ணாடி பாட்டிலில் ஒரு ராத்திரி வையுங்கள். அடியில் தேங்கினால் தண்ணீர். வெள்ளையாகவே நின்றாலும் உள்ளே இருப்பது தண்ணீர்தான்.

அரசாங்கம் என்ன செய்தது? 2017-க்குள் டீசலில் 20 சதம் தாவர எண்ணெய் டீசல் கலப்போம் என்று 2009-ல் மத்திய அரசு கொள்கை போட்டது. காட்டாமணக்கை நடச் சொன்னார்கள், நட்டோம். கொட்டையை வாங்க ஆள் வரவில்லை. 20 சதமும் வரவில்லை. 2014-ல் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது மட்டும் சொன்னபடி நடந்தது!

ஆகவே நாம் கேட்பது:

1. மீனவர் விசைப்படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் தருவது போல, சிறு விவசாயியின் என்ஜினுக்கும் கொடு.
2. புங்கங்கொட்டைக்கு விலை நிர்ணயித்துக் கொள்முதல் செய். ஒன்றியத்துக்கு ஒரு செக்கும் பயோடீசல் கூடமும் அமை.
3. ஊருக்குள் வரும் கலப்பட எரிபொருளைச் சோதித்து, விற்பவன் மேல் வழக்குப் போடு.

நம்ம என்ஜின் நம்ம உழைப்பு. எவன் கேனுக்கும் அதைப் பலி கொடுக்க மாட்டோம். வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். காலி டீசல் கேனோடு வாருங்கள்!