முகாம் பெட்டியும் நம் பிள்ளைகளும்

(கல்விக் கழக வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதற்குச் சான்றோர் பலர் வந்துள்ளனர். எனக்குத் தரப்பட்ட தலைப்போ மிகச் சிறியது. தேசிய மாணவர் படையின் பயிற்சி முகாமுக்குச் செல்லும் மாணவர் எவ்வெப் பொருள்களை எவ்வாறு கட்டி எடுத்துச் செல்லுதல் வேண்டும் என்பதே அது. பெட்டி கட்டுவதற்கு ஓர் உரையா என்று சிலர் எண்ணக்கூடும். மாணவர் படை அலுவலனாகப் பல்லாண்டுகள் பிள்ளைகளை முகாம்களுக்கு அழைத்துச் சென்றவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். முகாமுக்குப் பெயர் கொடுத்த நம் பிள்ளைகளில் சிலர் புறப்படும் வாரத்தில் பின்வாங்கிவிடுவதுண்டு. காய்ச்சல் என்பர், ஊரில் திருவிழா என்பர். உண்மையான காரணம், கையில் கொடுக்கப்பட்ட பொருட்பட்டியலே. ஆகவே அந்தப் பட்டியலைப் பற்றிப் பேசுவது நம் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதே ஆகும்.

மாணவர் படை என்பது யாது?

பண்டித இருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் 1946-இல் அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரைப்படி, 1948-இல் சட்டம் இயற்றித் தோற்றுவிக்கப்பட்டது தேசிய மாணவர் படை. 1949-இல் மாணவியர் பிரிவும், 1950-இல் விமானப் பிரிவும், 1952-இல் கடற்படைப் பிரிவும் சேர்ந்தன. சீனப் போருக்குப் பின் 1963-இல் கல்லூரி மாணவர்க்குக் கட்டாயமாக்கப்பட்டு, 1968-இல் மீண்டும் விருப்பப் பயிற்சியாக மாற்றப்பட்டது. ‘ஒற்றுமையும் கட்டுப்பாடும்’ என்பது அதன் குறிக்கோள். இதில் சேர்ந்தவர் பின்னர் இராணுவத்தில் சேர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. பெற்றோர் சிலருக்கு இந்த அச்சம் இருப்பதால் இதனை அழுத்தமாகச் சொல்கிறேன்.

அச்சட்டம் நிறைவேறிய காலத்தில் நடுவணரசின் சட்ட அமைச்சராக வீற்றிருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் பிறந்தது மோவ் என்னும் படை நகரில். அவர்தம் தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். ஒரு குடும்பத்தில் எழுத்து நுழைந்ததற்குப் படை வாழ்க்கை வாயிலாக இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? நம் பகுதியிலும் பழைய சென்னைப் படையிலும், பாலம் அமைத்துப் பாதை வெட்டும் ‘சாப்பர்’ பிரிவிலும் நம் முன்னோர் பலர் பணியாற்றினர். பின்னாளில் மகார் மக்களுக்கு வெள்ளையர் படைக்கதவை அடைத்தபோது, அதனைத் திறக்க வேண்டுமென்று அண்ணல் வாதாடினார். 1941-இல் மகார் படைப்பிரிவு அமைந்தது.

இரண்டு பட்டியல்கள்

இளைஞர்களே! முகாமுக்கான பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன், வேறொரு பட்டியலை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

1930 டிசம்பர்த் திங்களில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் சட்டையோ பனியனோ அணியலாகாது, முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் ஆடை உடுத்தலாகாது, தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளலாகாது, வீட்டில் மண்பாண்டமன்றி வேறு பாண்டம் புழங்கலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது என்றெல்லாம் அத்தடைகள் நீண்டன. மீறியோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. இவை அந்நாளைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதிகாரி ஹட்டன் பதிவு செய்துள்ள செய்திகள்.

இப்போது முகாம் பட்டியலைப் படியுங்கள். கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத முழுச் சட்டை, முழுக்காற்சட்டை, பளபளக்கும் பூட்ஸ், ஒட்ட வெட்டிய தலைமுடி, எவர்சில்வர் தட்டு, குவளை, மழைக்கோட்டு அல்லது குடை, குறிப்பேடும் எழுதுகோலும். முன்னைய பட்டியல் எவற்றையெல்லாம் கூடாது என்றதோ, அவற்றையெல்லாம் இப்பட்டியல் கட்டாயம் வேண்டும் என்கிறது. கொண்டுவராதவனே குறையுடையவன் ஆகிறான்! நம் பாட்டன்மார் காலத்துத் தடைகளையும் இன்றைய பட்டியலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் எவனும், பூட்ஸுக்கு மெருகு ஏற்றுவதை வீண் வேலை என்று கருதமாட்டான்.

பொதுத் தெருவிலும் சாலையிலும் எவரும் நடக்கலாம் என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர், நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். நடப்பதற்கே தீர்மானம் வேண்டியிருந்த மண்ணில், இன்று நம் பிள்ளைகள் அணிவகுத்து நடக்கிறார்கள். அந்த நடையின் பின்னே உள்ள உழைப்பை மறவாதீர்கள்.

முதலில் தாள்கள்

இனிப் பெட்டிக்கு வருவோம். பெட்டியில் முதலில் வைக்க வேண்டியவை துணிகளல்ல, தாள்கள். பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், மருத்துவரின் உடல்தகுதிச் சான்று, அடையாள அட்டை, ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல், கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரு நெகிழி உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். ஒப்புதல் படிவத்தைத் தாய் தந்தையர்க்குப் படித்துக் காட்டி, பொருள் விளக்கி, அதன் பின்னரே கையொப்பமோ கைந்நாட்டோ பெறுங்கள். அவர்கள் அறியாத ஒன்றில் அவர்கள் பெயரை வாங்காதீர்கள். வங்கிக் கணக்கு மாணவர் பெயரிலேயே இருத்தல் நலம். சீருடை அரசின் பொறுப்பு. பொருளாகவோ அதற்குரிய தொகையாகவோ அது வந்து சேரும். முகாமில் உணவுக்கும் உறைவிடத்திற்கும் மாணவர் செலவிட வேண்டியதில்லை. இதை அறியாமல், ‘பத்து நாள் சோற்றுக்கு என்ன செய்வது’ என்று கலங்கும் பெற்றோர் இன்றும் உளர்.

உடையும் காலணியும்

சீருடை இரண்டு செட்டு வேண்டும். ஒன்று உடலில், ஒன்று கொடியில் என்பதே முகாம் கணக்கு. பெல்ட், தொப்பி, தொப்பிச் சின்னம், பெயர்ப் பட்டை ஆகியவற்றை ஒரு சிறு பையில் சேர்த்து வையுங்கள். தனித்தனியே போட்டால் விடியற்காலை இருட்டில் ஒன்று கிடைக்காது. உடற்பயிற்சிக்கு வெள்ளைப் பனியன், காற்சட்டை, கித்தான் காலணி. இரவுக்கு எளிய உடை. உள்ளாடைகள் போதிய அளவு. காலுறை நான்கு இணை. இவற்றுள் காலுறையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஈரக் காலுறையே கொப்புளத்தின் தாய்.

புதிய பூட்ஸை முகாமில் முதன்முதலாக அணிபவன் மூன்றாம் நாள் மருத்துவக் கூடாரத்தில் இருப்பான். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே மாலைதோறும் அரைமணி நேரம் காலுறையுடன் அணிந்து, தெருவில் நடந்து பழகுங்கள். கண்டவர் நகைத்தால் நகைக்கட்டும். மெருகு ஏற்றும்போது முதலில் புழுதியைத் துடைத்து, பாலிஷைச் சிறிதளவே பஞ்சில் தொட்டு, ஒரு துளி நீர் விட்டு, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அப்பிப் பூசினால் பளபளப்பு வராது. அழுத்தமின்றி நெடுநேரம் தேய்த்தால் வரும்.

நாம் கடற்கரைப் பகுதியினர். கேளம்பாக்கத்து உப்பளக் காற்று படூரில் வீசுவதை நீங்கள் அறிவீர்கள். அக்காற்றில் கஞ்சி தளரும், பித்தளை கறுக்கும், சரியாக உலராத துணியில் பூஞ்சை பிடிக்கும். ஆதலால் நன்கு உலர்ந்து, இஸ்திரியிட்ட சூடு தணிந்த பின்னரே துணியை மடித்து நெகிழிப் பைக்குள் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை முகாமென்றால் மழைக்கோட்டு கட்டாயம்.

தட்டும் குவளையும்

ஒவ்வொருவரும் தத்தம் தட்டையும் குவளையையும் கொண்டுவர வேண்டும் என்பது முகாம் விதி. தனிக்குவளை என்றதும் நம்மில் மூத்தோர்க்கு நெஞ்சு சுருங்கும். தேநீர்க் கடைகளில் நமக்கென்று தனிக் குவளை தொங்கவிட்ட கொடுமையைக் கண்டவர்கள் அவர்கள். இங்கே வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே ஒருவனுக்கு மட்டும் தனிக்குவளை; அது இழிவின் அடையாளம். முகாமிலோ எல்லார்க்கும் தனிக்குவளை. எல்லாரும் ஒரே வரிசை. ஒரே அண்டாவிலிருந்து ஒரே கரண்டி. உண்டபின் அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும். எவன் வீட்டுப் பிள்ளையாயினும் எச்சில் தட்டைப் பிறர் கழுவ விடுவதற்கு அங்கே இடமில்லை. தட்டின் அடியில் பெயரையும் எண்ணையும் பொறித்துக்கொள்ளுங்கள். அங்கே உங்களைக் குறிக்க அவ்விரண்டும் போதும்.

ஏனைய பொருள்கள்

கம்பளி அல்லது போர்வை, விரிப்பு, காற்றடைத்த தலையணை, கொசுவலை, அதைக் கட்டக் கயிறு, வாளி, குளியல் மற்றும் துணி சோப்பு, பற்பசை, துண்டு, ஊசி, நூல், பொத்தான், ஊக்கு, டார்ச் விளக்கு, நல்ல பூட்டும் இரண்டு சாவிகளும். ஒரு சாவி கழுத்துக் கயிற்றில், மற்றொன்று உடன் வரும் அலுவலரிடம். வழக்கமாக உண்ணும் மருந்து ஏதேனும் இருப்பின் மருத்துவச் சீட்டுடன் எடுத்துச் சென்று, முதல் நாளே தெரிவித்துவிட வேண்டும். மூச்சிரைப்பையும் வலிப்பையும் மறைத்து முகாமுக்குச் செல்வது வீரமன்று.

மாணவியர் கூந்தலைக் கட்டுப்படுத்தக் கறுப்புக் கொண்டை வலை, ஊக்கு, ரப்பர் வளையம் ஆகியவற்றையும், மாதவிடாய் நாள்களுக்கு வேண்டியவற்றையும் மறவாது வைத்தல் வேண்டும். கடும் பயிற்சியில் நாள் முன்பின் ஆகலாம். நகைகளை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். கைப்பேசியைப் பல முகாம்களில் வாங்கி வைத்துவிடுவர். ஆதலால் பெற்றோரின் எண்ணையும் அலுவலரின் எண்ணையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுக்கும் முறைக்கு ஒரே விதிதான். கடைசியில் வேண்டுவது அடியில். முதலில் வேண்டுவது மேலே. முகாமில் சேரும் முதல் மாலையில் தாள்கள், தட்டு, டார்ச், விரிப்பு, கொசுவலை ஆகியவையே தேவைப்படும். தானே சுமந்து ஒரு கல் தொலைவு நடக்க முடியாத பெட்டி, தேவையற்ற பொருளைக் கொண்ட பெட்டி என்று அறிக. உள்ளே வைத்தவற்றின் பட்டியலை மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டால், திரும்பும் நாளில் எதையும் விட்டுவர மாட்டீர்கள்.

இத்தனையும் எதற்காக?

முகாமில் பங்கேற்றால்தான் ‘ஏ’, ‘பி’, ‘சி’ சான்றிதழ்த் தேர்வுகளுக்கு வழி பிறக்கும். ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ தரமும், பட்டப்படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் பெற்றவர், எழுத்துத் தேர்வின்றி நேரே தேர்வு வாரிய நேர்காணலுக்குச் செல்லும் சிறப்பு வழி தரைப்படையில் உண்டு. ஆடவர், மகளிர் இருபாலார்க்கும் அது பொருந்தும். தேர்வு பெற்றோர் பயிலும் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் எங்கே இருக்கிறது? இங்கிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில், பரங்கிமலையில். நம் மக்களுக்காகச் சட்டமன்றத்தில் குரலெழுப்பிய எம்.சி.இராஜா அவர்கள் பிறந்த ஊரும் அதுவே. 1992 முதல் அங்கே மகளிரும் பயிற்சி பெற்று வருகின்றனர். அந்த வாயிலுக்குள் நுழையும் தகுதியுடைய ஒரு பெண், ஒரு கொசுவலையும் ஒரு பூட்டும் இல்லாத காரணத்தால் முதற்படியிலேயே நின்றுவிடுவதை நாம் பொறுத்துக்கொள்ளலாமா?

கழகத்திற்கு ஒரு வேண்டுகோள்

எனவே இந்த வெள்ளி விழா ஆண்டில் கழகத்தார் ஒரு காரியம் செய்ய வேண்டுகிறேன். பத்துப் பெட்டிகள் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் கொசுவலை, கம்பளி, வாளி, டார்ச், பூட்டு, தட்டு, குவளை, மழைக்கோட்டு ஆகியவற்றை வைத்து எண்ணிடுங்கள். நூலகத்தில் கையொப்பமிட்டு நூல் எடுத்துப் படித்துத் திருப்பித் தருவது போல, முகாமுக்குச் செல்பவர் பெட்டியைப் பெற்றுச் சென்று, கழுவி உலர்த்தித் திருப்பித் தரட்டும். பேரேட்டை முன்னாள் மாணவர் படையினரே காக்கட்டும். உடல்மேல் அணியும் காலுறையும் உள்ளாடையும் மட்டும் அவரவர் சொந்தமாக வாங்கிக்கொள்ளட்டும். நூலகத்திலிருந்து நூல் எடுப்பவனை எவரும் இரவலன் என்று சொல்வதில்லை. அவ்வாறே இப்பெட்டியைப் பெறும் பிள்ளையும் தலைநிமிர்ந்து பெறலாம்.

இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டியைத் தாயாரைக் கட்டித்தரச் சொல்லாதீர்கள். நீங்களே கட்டுங்கள். ஒன்று குறைந்தால் அதன் விளைவை நீங்களே தாங்குங்கள். உங்களுக்கு அடுத்த படுக்கையில் இருப்பவனிடம் ஏதேனும் குறைந்தால், கேட்பதற்கு முன் கொடுங்கள். ஒற்றுமையும் கட்டுப்பாடும் என்ற இரண்டு சொற்களுக்கு நான் கண்ட பொருள் இதுவே.

 வாழ்க கல்விக் கழகம்! வளர்க நம் இளைஞர்!