கரையோர வான்வழி

கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவிலிருந்து வடக்கே மாண்டெரே வரை, ஒற்றை எஞ்சின் பொருந்திய சிறு விமானத்தில் நண்பரொருவரை அழைத்துச் செல்லக் கருதி வரைபடத்தை விரித்தேன். இடையிலுள்ளது பிக் சர் கடற்கரை. அங்கே கோன் சிகரம், கரையினின்று சுமார் 5 கிலோமீட்டரிலேயே 5,155 அடி உயர்ந்து நிற்கின்றது.

வடக்கு நோக்கிப் பறந்தால், வலப்புறம் அமரும் நண்பருக்குக் கரை நன்கு தெரியும். கோடைக் காலையில் மூடுபனி கரையை மறைப்பதுண்டு; ஆதலின் இலையுதிர்காலத்து நண்பகலைத் தேர்ந்தேன். எஞ்சியது உயரம் ஒன்றே.

1932-இல் திறக்கப்பட்ட பிக்ஸ்பி பாலத்தை அருகில் காண, 1,000 அடியிலேயே பறக்கலாமென்றார் நண்பர். ஆசை நியாயமானதே. ஆயினும் எஞ்சின் நின்றுவிட்டால், 'செஸ்னா 172' போன்ற விமானம் அவ்வுயரத்தினின்று ஏறத்தாழ ஒன்றரைக் கடல்மைல்தான் மிதந்து செல்லும். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் கிட்டும். கீழே பாறையும் அலையுமே உள்ளன. 6,500 அடியிலோ ஏறத்தாழ ஒன்பது நிமிடம் உண்டு: இறங்குமிடம் தேடலாம், வானொலியில் உதவி கோரலாம்.

உயரம் காட்சியைச் சுருக்கும்; அவகாசத்தை நீட்டும். நண்பரிடம் இதனை விளக்கி, வரைபடத்தில் 6,500 என்று குறித்தேன். பாலம் சிறிதாகத் தெரிந்தாற் போதுமென்று அவரும் இசைந்தார்.