வண்டி வருவதற்கு முன்னால்...

(மரக்காணத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நம் ஊருக்கென்று ஓர் ஆம்புலன்ஸ் வாங்க வேண்டும்; அதற்கு வசூல் செய்ய வேண்டும்." இதுதான் இன்று நம் முன் உள்ள கோரிக்கை. கோரிக்கை நல்லது. அதன் பின்னால் உள்ள எண்ணம் அதைவிட நல்லது. ஆனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கடற்கரையில் உயிர்கள் போவது வண்டி இல்லாததனாலா? அல்லது வண்டி வரும் வரை என்ன செய்வதென்று தெரியாததனாலா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாம் எங்கே இருக்கிறோம் என்று பாருங்கள். தெற்கே புதுச்சேரி, மேற்கே திண்டிவனம். இரண்டும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதைவிடத் தூரம். கிழக்கே கடல். நடுவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் உப்பளம். பாத்திக்கு நடுவே ஒரு தொழிலாளி மயங்கி விழுந்தால், வரப்பு வழியே எந்த ஆம்புலன்ஸும் போக முடியாது. ஆட்கள்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

நான்கு நிமிடக் கணக்கு

இதயம் நின்றுவிட்டால் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். மார்பை அழுத்தும் முதலுதவி கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துக்கொண்டே போகும். உலகத்தில் எந்த நாட்டு ஆம்புலன்ஸும் எல்லா வீட்டு வாசலுக்கும் நான்கு நிமிடத்தில் வருவதில்லை. அப்படியானால் அந்த நான்கு நிமிடம் யாருடைய கையில் இருக்கிறது? பக்கத்துக் கடைக்காரர் கையில்! பக்கத்துப் பாத்திக்காரர் கையில்!

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஆந்திராவில் 2005இல் தொடங்கிய திட்டத்தைப் பார்த்து நம் மாநிலமும் எடுத்துக்கொண்டது. இன்று 1,300க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஓட்டுநரோடு பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவரும் இருக்கிறார். அதற்கு முன் அடிபட்டவரை ஆட்டோவிலும் லாரியிலும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிய காலத்தை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நம் சமுதாயமும் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் உள்ளிட்ட அமைப்புகளின் ஆம்புலன்ஸ்கள் ஊர் ஊராக ஓடுகின்றன. 2020, 2021 கொரோனா காலத்தில் பெற்ற பிள்ளைகளே தொட அஞ்சிய உடல்களை, மதம் பார்க்காமல் எடுத்து அடக்கம் செய்தவர்கள் நம் இளைஞர்கள். தியாகத்தில் நமக்குக் குறைவில்லை. குறை இருப்பது பயிற்சியில்! ஸ்ட்ரெச்சரும் சைரனும் இருந்துவிட்டால் அது ஆம்புலன்ஸ் ஆகிவிடாது. உள்ளே இருப்பவருக்கு வேலை தெரியாவிட்டால் அது படுக்கை போட்ட வேன்தான்.

பிட்ஸ்பர்க் சொல்லும் பாடம்

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்றொரு நகரம். 1960களில் அங்கே நோயாளியைத் தூக்கிச் சென்றது போலீஸ் வேன். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதிக்கு அந்த வேனும் ஒழுங்காக வராது. வந்தாலும் பின்னால் போட்டுக்கொண்டு போவார்களே தவிர, வழியில் சிகிச்சை கிடையாது. 1967இல் அந்த மக்களே 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற பெயரில் ஆம்புலன்ஸ் சேவை அமைத்தார்கள். வேலையில்லாமல் தெருவில் நின்ற இளைஞர்களைச் சேர்த்தார்கள். மார்பை அழுத்தி உயிர் மீட்கும் முறையை உலகுக்குத் தந்தவர்களில் ஒருவரான டாக்டர் பீட்டர் சஃபார் அவர்களுக்குப் பயிற்சித் திட்டம் வகுத்தார். 'உருப்படாதவர்கள்' என்று ஒதுக்கப்பட்ட அந்த இளைஞர்கள் அந்நாட்டின் ஆம்புலன்ஸ் சேவைக்கே முன்மாதிரி ஆனார்கள்!

கதை அத்தோடு முடியவில்லை. 1975இல் நகராட்சி சொந்தமாக ஒரு சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. பழைய ஊழியர்களில் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, அவர்களை உயர்த்தியது வண்டியல்ல, பயிற்சி. இரண்டு, அரசின் திட்டத்தில் நமக்கு இடம் கேட்டு வாங்காவிட்டால் நாம் செய்த உழைப்பு ஒரு நாள் காணாமல் போகும்.

எக்கியார்குப்பத்தை மறக்கலாமா?

2023 மே மாதம் இதே மரக்காணம் பகுதி எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். இங்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மெத்தனால் உடனே கொல்லாது. முதலில் வெறும் போதைபோலத் தெரியும். பல மணி நேரம் கழித்து வயிற்று வலியும் வாந்தியும் வரும், கண் மங்கும், மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில் மருத்துவமனை போனால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றக்கூடும். "தூங்கினால் தெளிந்துவிடும்" என்று விட்டால் விடியும்போது உயிர் இருக்காது.

'குடிகாரன்தானே' என்று முகத்தைத் திருப்புகிறவர் நம்மில் இருக்கலாம். மது கேடு என்பதில் நமக்கு இரு கருத்து இல்லை. ஆனால் விழுந்து கிடப்பவனிடம் தீர்ப்புச் சொல்லும் நேரம் அதுவல்ல. ஓர் உயிரைக் காப்பதன் மதிப்பு என்னவென்று நம் மார்க்கம் சொல்லியிருப்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

'போலீஸ், கேஸ்' என்ற பயமும் வேண்டாம். அவசர நோயாளிக்குச் சட்ட நடைமுறைகளுக்காகக் காத்திராமல் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்தது. விபத்தில் உதவுகிறவரைப் பாதுகாக்க 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டது. பெயர், முகவரி சொல்லும்படி உங்களை வற்புறுத்த முடியாது. 2021 டிசம்பர் 18 அன்று நம் பக்கத்து மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் திட்டம் அது. "பணம் யார் கட்டுவது?" என்று சாலையோரத்தில் நின்று யோசிக்க வேண்டாம்.

என்ன செய்யலாம்?

ஒரு வண்டியை 24 மணி நேரமும் ஓட்ட மூன்று ஷிப்டு ஆட்கள் வேண்டும். ஷிப்டுக்கு ஓட்டுநர் ஒருவர், உதவியாளர் ஒருவர் என்றால் ஆறு பேர் சம்பளம். டீசல், இன்சூரன்ஸ், ஆக்சிஜன் தனி. வியாபாரிகளுக்கு நான் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை! வாங்குவது ஒரு நாள் செலவு. ஓட்டுவது ஆயுள் செலவு. எனவே வண்டியைப் பிறகு பார்ப்போம். முதலில் இவற்றைச் செய்வோம்.

ஒன்று: தெருவுக்கு இருவர், உப்பளத்துக்குச் சிலர், கடைவீதிக்குச் சிலர் என்று நாற்பது பேர் பயிற்சி பெற வேண்டும். அரசு மருத்துவர்களையும் செஞ்சிலுவைச் சங்கத்தையும் அணுகுவோம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்துவது. பீறிடும் இரத்தத்தைத் துணி வைத்து விடாமல் அழுத்திப் பிடிப்பது. வெயிலில் சுருண்டவரை நிழலுக்குக் கொண்டுவந்து உடலெங்கும் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பது, நினைவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாமல் இருப்பது. பாம்பு கடித்த இடத்தைக் கீறாமலும் இறுக்கிக் கட்டாமலும் அசையாமல் கொண்டு போவது. இவை கற்க வயதோ பட்டமோ தேவையில்லை. நம் பெண்களும் கட்டாயம் கற்க வேண்டும். பிற சமுதாயத்து மீனவ, உப்பளத் தொழிலாளர்களையும் அழைக்க வேண்டும்.

இரண்டு: உப்பளங்களில் ஒவ்வொரு பாதைமுனையிலும் எண் எழுதிய பலகை நட வேண்டும். "பெரிய வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம்" என்று சொன்னால் சென்னைக் கட்டுப்பாட்டு அறைக்குப் புரியாது. "மரக்காணம் அளம், 14ஆம் பலகை" என்றால் வண்டி நேரே வரும்.

மூன்று: ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அழைத்த நேரம், வண்டி வந்த நேரம், மருத்துவமனை சேர்ந்த நேரம். மூன்றே கட்டம். ஆறு மாதம் எழுதுங்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரிடம் போவோம். வண்டி எங்கே நிற்க வேண்டும், எல்லை தாண்டிப் புதுச்சேரி மருத்துவமனைக்குப் போகிறவருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்போம். வெறும் கோஷத்துக்குப் பதில் சொல்லாத அதிகாரியும் கணக்குக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இலங்கையைப் பாருங்கள். இந்திய உதவியோடு 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் '1990 சுவசெரிய' தொடங்கியது. 2018இல் யாழ்ப்பாணம் வரை வந்தது. ஒரே எண், ஒரே கட்டுப்பாட்டு அறை. சிங்களவர், தமிழர், முஸ்லிம் எவர் அழைத்தாலும் இலவசம். திட்டமிட்டால் சின்ன நாட்டாலும் முடிகிறது.

சகோதரர்களே! 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சாலைகள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படிப்பட்ட இரவில் எந்த வண்டியும் வராது. நம் வண்டியும் ஓடாது. கற்றுக்கொண்ட கைகள் மட்டுமே இருக்கும்.

வண்டியின் பக்கவாட்டில் நன்கொடையாளர் பெயர் எழுதலாம். பயிற்சியில் யார் பெயரையும் எழுத முடியாது. அதனால்தான் அதற்குப் பணம் தருவது கடினம். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். முதல் நாற்பது பேரின் பெயர்ப் பட்டியலை வரும் வெள்ளிக்கிழமைக்குள் தாருங்கள்.

வல்ல இறைவன் நம் முயற்சிக்குத் துணை நிற்பானாக! வஸ்ஸலாம்.