மூடியபின்னும் தூங்காத லேப்டாப்

இரவு 11 மணிக்கு 80 சதவீத சார்ஜோடு மூடி வைத்த லேப்டாப், காலை 7 மணிக்குத் திறந்தால் 40 காட்டுகிறது. அடிப்பக்கத்தைத் தொட்டால் வெதுவெதுவென்று இருக்கிறது. இந்தப் புகாருக்கு யாரிடம் கேட்டாலும் சட்டென்று வருகிற பதில், ‘பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க’ என்பதுதான். பல சமயம் இந்தத் தீர்ப்பு விசாரணையே இல்லாமல் எழுதப்பட்டது என்கிறேன். பேட்டரி கொடுத்ததே தவிர, தின்றது வேறு யாரோ.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். பேட்டரியின் கொள்ளளவு 50 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம் 20 வாட்-மணி. எட்டு மணி நேரத்தில் அவ்வளவு போயிருந்தால், இரவு முழுக்கச் சராசரியாக இரண்டரை வாட் ஓடியிருக்கிறது. திரை எரிய, ஆள் உட்கார்ந்து கடிதம் தட்டிக்கொண்டிருந்தாலே சிக்கனமான லேப்டாப்புக்கு ஐந்தாறு வாட் போதும். பேட்டரிக்கு வயதாகிவிட்டால் இப்படி ஆகாதா என்று கேட்கலாம். கொஞ்சம் ஆகும், இந்த அளவுக்கு ஆகாது. ஒழுங்காகத் தூங்குகிற லேப்டாப் கால் வாட் இழுத்தால் ஓர் இரவுக்கு 2 வாட்-மணி. புதுப் பேட்டரியில் அது 4 சதவீதம். அதே பேட்டரி தேய்ந்து 35 வாட்-மணிக்கு வந்திருந்தாலும் 6 சதவீதத்தைத் தாண்டாது. இன்னும் சந்தேகம் இருந்தால், ஒருநாள் இரவு மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை ஷட்டவுன் செய்து வையுங்கள். லித்தியம் அயான் பேட்டரி சும்மா கிடந்தால் மாதத்துக்கே சில சதவீதம்தான் இழக்கும். காலையில் 80 ஏறக்குறைய அப்படியே நின்றால் பேட்டரி நிரபராதி. அணைத்து வைத்தும் மளமளவென்று இறங்கியிருந்தால் பேட்டரியிலோ போர்டிலோ கோளாறு; அப்போது கடைக்குப் போவதில் நியாயம் உண்டு.

அப்படியானால் மூடியபின் என்னதான் நடக்கிறது? இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் ஏசிபிஐ என்றொரு விதிமுறையை வெளியிட்டன. கணினியின் தூக்கத்துக்கு அதில் படிகள் வகுத்திருந்தார்கள். லேப்டாப்காரர்கள் வெகுகாலம் பழகியது எஸ்3 என்ற படி. பிராசஸர், டிஸ்க் எல்லாம் மின்சாரம் இழந்துவிடும். ராம் மட்டும், வைத்திருப்பதை மறந்துவிடாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாக வாங்கிக்கொள்ளும். பிறகு 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது ‘கனெக்டட் ஸ்டாண்ட்பை’ என்ற புதுவகைத் தூக்கமும் வந்தது. விண்டோஸ் 10-ல் அது விரிந்து ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ ஆயிற்று. ஏசிபிஐ கணக்குப்படி இது எஸ்0, அதாவது விழித்திருக்கும் நிலை. திரை அணைகிறது, பாகங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணயர்கின்றன, அவ்வளவே. மின்னஞ்சல் வந்தாலோ அப்டேட் இறங்க வேண்டியிருந்தாலோ எழுந்து பார்த்துவிட்டு மறுபடி சாயலாம். புதிய மாடல்கள் பலவற்றில் எஸ்3 என்ற படியே கிடையாது. ஸ்லீப் என்ற பொத்தானின் பெயர் மட்டும் மாறவில்லை. வாங்குகிறவருக்கு இதை யாரும் சொல்லவும் இல்லை. என் குறை அதுதான்.

கைபேசியும் இப்படித்தானே தூங்குகிறது, அது இரவில் நாலைந்து சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறதே என்பது நல்ல கேள்வி. கைபேசியின் பிறவியே அந்தத் தூக்கத்துக்கானது. பின்னணியில் எந்தச் செயலி எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதிலும் அங்கே கண்டிப்பு அதிகம். லேப்டாப்பில் வைஃபை ஒருவருடையது, ஒலி இன்னொருவருடையது, கைரேகை உணரி வேறொருவருடையது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிரைவர். எல்லோரும் கண்ணை மூடினால்தான் பிராசஸர் ஆழ்ந்த நிலைக்கு இறங்கும். ஒரே ஒரு டிரைவர் பிடிவாதம் பிடித்தாலும் வீடு முழுக்க விளக்கு எரியும். கல்யாண மண்டபத்தில் படுத்தவர்களுக்கு இது புரியும்.

யார் பிடிவாதக்காரர் என்பதை விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது. கட்டளையை எழுத்துக் கூட்டித்தான் சொல்ல முடியும், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ‘பவர்’, அதோடு ஒட்டி சி, எஃப், ஜி; ஓர் இடைவெளி; ஒரு சாய்கோடு; அதன்பின் ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்து. உங்கள் லேப்டாப்புக்கு எஸ்3 உண்டா, எஸ்0 மட்டும்தானா என்பது தெரிந்துவிடும். எஸ்0 என்று வந்தால், ‘ஏ’ இருந்த இடத்தில் ‘ஸ்லீப்ஸ்டடி’ என்று சேர்த்து அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும்; பிரவுசரில் திறந்து பாருங்கள். எத்தனை மணிக்குப் படுத்தது, எவ்வளவு நேரம் கிடந்தது, எவ்வளவு சார்ஜ் போனது என்று வரிவரியாக இருக்கும். நீண்ட வரி ஒன்றைச் சொடுக்கினால், ஆழ்ந்த நிலையில் கழிந்த நேரம் எத்தனை சதவீதம் என்பதும், அதைக் கெடுத்தவர்களின் பெயர்களும் கீழே வரும். வைஃபை அட்டையின் பெயர் முதலிடத்தில் நின்றால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அதற்கான டிரைவரைப் புதுப்பியுங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் போதாது, ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி உள்ள விண்டோஸ், ஷட்டவுனின்போது உள்மையத்தையும் டிரைவர்களையும் டிஸ்கில் சேமித்துவிட்டு மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளும். நேற்றைய பிடிவாதமும் கூடவே எழுந்து வரலாம்.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு ஹைபர்நேட் இருக்கிறது. ராமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு மின்சாரத்தையே விடுகிற முறை. கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், பேட்டரியில் ஓடும்போது மூடினால் ஹைபர்நேட் என்று மாற்றிக்கொள்ளலாம். மூடிய லேப்டாப்பைப் பையில் போட்டு எடுத்துப் போகிறவர்களுக்கு இதையே சொல்வேன். பைக்குள் விழித்துக்கொண்டால் அந்தச் சூடு போக வழியில்லை. தினமும் டிஸ்கில் எழுதினால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்பார்கள். ஒரு தடவைக்கு 6 ஜிபி எழுதுவதாகவே வைத்தாலும் வருடத்துக்கு இரண்டேகால் டெராபைட்கூட ஆகாது. 500 ஜிபி எஸ்எஸ்டி பலவற்றுக்கு 300 டெராபைட் வரை எழுத உத்தரவாதம் தருகிறார்கள். அதற்குள் லேப்டாப்பின் கீல் கழன்றிருக்கும். திறந்தபின் சில விநாடி காத்திருக்க வேண்டும் என்ற குறை உண்மைதான். மதியச் சாப்பாட்டுக்குப் போகும் நேரத்துக்கு ஸ்லீப்பே போதும். இரவுக்கு எதை மாற்றினாலும் ஒன்று மட்டும் மாற்றுங்கள். மறுநாள் காலை அந்த அறிக்கையை மறுபடி எடுங்கள். பழைய பெயர் இன்னும் முதலிடத்தில் நிற்கிறதா, இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகலாம்.